அரிசி பருப்புக்கு வட்டி கட்டும் வீடு

கேள்வி: நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். அந்தேரியில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் பிடித்தம் போகக் கையில் 62,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து 14,000 சம்பாதிக்கிறேன். மூன்று கிரெடிட் கார்டுகளில் 1,85,000, 94,000, 41,000 என்று நிலுவை நிற்கிறது. மாதந்தோறும் மூன்றுக்கும் சேர்த்து 22,000 கட்டுகிறோம். மளிகையும் மருந்தும் கார்டில் வாங்கினால் கேஷ்பேக் கிடைப்பதால் அவற்றுக்கு மாதம் 9,000 வரை கார்டில் தேய்க்கிறோம். இரண்டு ஆண்டுகளாகக் கடன் அசையவில்லை. மே, ஜூனில் ஏறும். தீபாவளி போனஸ் 55,000 வந்ததும் இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மூன்றாவது கார்டு என் பெயரில் இருக்கிறது. அது கணவருக்குத் தெரியாது. ஹோட்டலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டோம். இன்னும் எந்தச் செலவைக் குறைப்பது? இவ்வளவு வட்டி வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? கார்டுகளை மூடினால், கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் ஸ்கோர் கெடுமா? லாக்கரில் ஒன்பது சவரன் நகை இருக்கிறது. அதைத் தொட மனம் வரவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டோம்பிவிலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய செலவுக் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடன் தவணை 19,500, சொசைட்டி பராமரிப்பு 2,500, காய்கறிக்கும் பாலுக்கும் ரொக்கமாக 8,000, மின்சாரம், போன், இணையம் 4,000, ரயில் பாஸும் ஆட்டோவும் 2,500, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கோச்சிங் 5,500, ஊரில் மாமியாருக்கு 5,000, அக்கம்பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து போடும் பிஷி என்னும் சீட்டுக்கு 2,000, கார்டுகளுக்கு 22,000. ஆக மொத்தம் 71,000. வருமானம் 76,000. மீதி 5,000 ரூபாய்க்கு எதிரே ‘எங்கே போகிறது என்று தெரியவில்லை’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் போகும் அந்த 5,000 ரூபாயைப் பிறகு தேடுவோம். தெரிந்தே போகும் 22,000 ரூபாய் என்ன ஆகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் கார்டுகளின் வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்று பில்லிலேயே இருக்கிறது. 3,20,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 11,200. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அது 2,016. இரண்டும் சேர்ந்து 13,216 ரூபாய். நீங்கள் கட்டும் 22,000 ரூபாயில் இது போக அசலில் கழிவது 8,784 ரூபாய்தான். அதே மாதத்தில் மளிகைக்கும் மருந்துக்கும் 9,000 ரூபாயை மறுபடி ஏற்றிவிடுகிறீர்கள். இரண்டு ஆண்டுகளாகக் கடன் ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு இந்த நான்கு வரிக் கணக்கே பதில். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் மாதம் 13,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகவும் வரியாகவும் மட்டுமே போய்க்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்தில் நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஒருவர் கேட்டால், அவரிடம் கடன் வாங்க யோசிப்போம். வாங்கியவரைப் பார்த்து இரக்கப்படுவோம். உங்கள் கார்டுக் கடன், வரியையும் சேர்த்தால், நூற்றுக்கு நாலு வட்டியையும் தாண்டுகிறது. ஆனால் அந்தக் கடன்காரர் வாசலில் வந்து நிற்பதில்லை. கைப்பேசியில் பில் அனுப்பிவிட்டு அமைதியாக இருக்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

மளிகைச் செலவில்தான் ஒரு நுட்பமான கண்ணி இருக்கிறது. அதைச் சற்று விளக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். கார்டில் பொருள் வாங்கினால் ஏறத்தாழ 45, 50 நாள் வரை வட்டியில்லை என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். முந்தைய பில்லை முழுவதுமாகக் கட்டியவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. பாக்கி வைத்திருப்பவர் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் அனுப்பியிருந்த பில்லில் ஐந்தாம் தேதி சூப்பர் மார்க்கெட்டில் 2,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கியதாக ஒரு வரி இருந்தது. அதற்குக் கிடைத்த கேஷ்பேக் ஒரு விழுக்காடு, அதாவது 20 ரூபாய். அந்த 2,000 ரூபாய் கார்டில் ஒரு மாதம் நின்றால் வட்டியும் வரியும் ஏறத்தாழ 82 ரூபாய். அந்த அரிசியை மூன்று வாரத்தில் சமைத்து முடித்திருப்பீர்கள். அதற்கான வட்டியோ, மொத்தப் பாக்கி தீரும்வரை மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். இருபது ரூபாய்க்காக எண்பத்திரண்டு ரூபாயை இழப்பவர் கணக்குத் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். பில்லில் கேஷ்பேக் தனி வரியாகப் பளிச்சென்று தெரிகிறது. வட்டியோ எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரிக்கப்படாமல் ஒரே தொகையாக வந்து விழுகிறது.

நானும் மும்பைக்கு வந்த புதிதில், வங்கியின் கடன் பிரிவிலேயே வேலை பார்த்துக்கொண்டு, ஆறு மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தவன்தான். பில்லை மடித்து டிபன் பையில் வைத்திருப்பேன், விரித்துப் படித்ததில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் பல மாதங்களோ ஆண்டுகளோ நீளும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எச்சரிக்கை உங்கள் பில்களிலும் இருக்கிறது. உங்களுடைய குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் ஐந்து விழுக்காடு என்ற கணக்கில், 16,000 ரூபாய். அதைவிட 6,000 கூடுதலாகக் கட்டுவதால் நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்திருக்கிறீர்கள். மளிகையைக் கார்டில் வாங்காமல் இருந்திருந்தால் அந்த நினைப்பு ஓரளவு சரியாகவே இருந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். கிரெடிட் கார்டுகளுக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே 42 விழுக்காடு என்பதைச் சட்டவிரோதம் என்று வாதிட்டு இந்தக் கடனைக் குறைக்க வழியில்லை. சட்டம் உங்களுக்கு உதவக்கூடிய இடங்கள் வேறு சில உண்டு; கார்டை மூடும்போது அவை பயன்படும்.

இப்போது நகை. லாக்கரில் இருக்கும் ஒன்பது சவரனும் உங்கள் அம்மா போட்டு அனுப்பியவை என்றும், அடகு வைத்தது தெரிந்தால் ஊரில் பேசுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அடகு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் கூச்சம், கார்டைத் தேய்ப்பதற்கு இல்லை. முன்னதில் நூற்றுக்கு ஒரு வட்டிக்கும் குறைவாகக் கட்டுவோம். பின்னதில் நாலு வட்டிக்கு மேல் கட்டுவோம். ஆனாலும் கௌரவம் என்னவோ பின்னதன் பக்கமே நிற்கிறது. உங்கள் நிலையில் நான் இருந்தால் தாமதிக்காமல் வங்கியில் நகைக் கடன் வாங்கி மூன்று கார்டுகளையும் அடைத்துவிடுவேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஏன் என்பதற்குக் கணக்கு இதோ. மளிகையை இனி ரொக்கமாக வாங்கினால், இப்போது கார்டுகளுக்குக் கட்டும் 22,000 ரூபாயில் 9,000 அதற்குப் போய், 13,000 மீதமாகும். இந்த 13,000 உங்கள் கார்டுக் கடனின் மாத வட்டிக்கே போதாது. கார்டிலேயே விட்டுவைத்தால் கடன் என்றைக்கும் தீராது. ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 3,20,000 ரூபாய் நகைக் கடன் வாங்கி, அதே 13,000 ரூபாயை மாதந்தோறும் கட்டினால் 28 மாதத்தில் முடிந்துவிடும். மாதம் 15,000 கட்ட முடிந்தால் 24 மாதம் போதும். மொத்த வட்டி ஏறத்தாழ 34,000 ரூபாய். அதே 15,000 ரூபாயைக் கார்டுகளுக்குக் கட்டினால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும், 53 மாதம் ஆகும். வட்டியும் வரியுமாக நாலரை லட்சத்துக்கு மேல் போகும். வாங்கிய கடனைவிட அது அதிகம். உங்கள் மகள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். 24 மாதத்தில் கடன் தீர்ந்தால், அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரிக் கட்டணம் தொடங்கும் நேரத்தில் உங்கள் கை காலியாக இருக்காது. 53 மாதம் என்றால் அவளுடைய கல்லூரி நாட்களிலும் இந்தக் கடன் கூடவே வரும்.

நகைக் கடனை வங்கியிலேயே வாங்குங்கள். கல், அரக்கு போக நிகரத் தங்க எடைக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பில் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தருவார்கள். இன்றைய தங்க விலையில் இந்தத் தொகைக்கு ஒன்பது சவரனையும் வைக்க வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்டும் திட்டம் ஒன்றையும், மாதத் தவணைத் திட்டம் ஒன்றையும் சொல்வார்கள். முதலாவது கேட்பதற்கு இலகுவாக இருக்கும். ஆனால் மாதந்தோறும் கேட்க ஆளில்லாத கடன் அப்படியே கிடந்து, ஆண்டு முடிவில் மாற்றி வைத்து, மறுபடி மாற்றி வைத்து, கடைசியில் ஏலம்வரை போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாதத் தவணைத் திட்டத்தையே கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கடன் மீது டாப்-அப், அதாவது கூடுதல் கடன், வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வட்டி குறைவுதான், ஆனால் பதினைந்து ஆண்டுத் தவணையில் மளிகைக் கடனை அடைப்பது எனக்கு உவப்பில்லை. கார்டு வங்கியே நிலுவையைத் தவணையாக மாற்றித் தருவதாக அழைத்தால், நகை இல்லாதவர்களுக்கு அது பரவாயில்லை என்று சொல்வேன். உங்களுக்கு அது தேவையில்லை.

கார்டை அடைக்கும் நாளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலர் தடுக்கி விழும் இடம் இது. பில்லில் இருக்கும் தொகையை முழுவதும் கட்டிய பிறகும், அடுத்த பில்லில் ஒரு தொகை வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. உங்கள் அளவிலான கடனில் அது மூன்று கார்டுகளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். ‘எல்லாம் கட்டியாயிற்றே, இது என்ன தவறான பில்’ என்று கோபப்பட்டுக் கட்டாமல் விட்டு, அதற்குத் தாமதக் கட்டணமும் வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல் மாதம் கையில் வைத்திருக்கும் 13,000 ரூபாயை அந்த வாலுக்காகவே ஒதுக்கிவையுங்கள். அதையும் கட்டி, நிலுவை பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகு, இரண்டு கார்டுகளை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் ‘ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வரம்பை உயர்த்தித் தருகிறோம்’ என்பார். நன்றி சொல்லிவிட்டு, மூடியதற்கான உறுதிச் செய்தியை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும்.

மூடுவதற்கு முன், அந்தக் கார்டில் மாதந்தோறும் தானாகப் பிடித்தமாகும் கைப்பேசி ரீசார்ஜ், ஓ.டி.டி. சந்தா போன்றவற்றை நிறுத்திவிடுங்கள். மளிகை வாங்கும் செயலிகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களையும் நீக்குங்கள். இதைச் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் கடையில் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றிருக்கும்வரை, எந்தச் சங்கல்பமும் இரவு ஒன்பது மணிக்குத் தாக்குப்பிடிப்பதில்லை.

சிபில் ஸ்கோரைப் பற்றிய உங்கள் அச்சம் ஓரளவுக்கு நியாயமானதுதான். பழைய கார்டு ஒன்றை மூடினால் ஸ்கோர் சற்று இறங்கலாம். அதனால்தான் மூன்றில் மிகப் பழையதை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மூடச் சொல்கிறேன். ஆனால் 2,00,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 1,85,000 நிலுவை வைத்திருப்பதுதான் இப்போது உங்கள் ஸ்கோரை அதிகமாகக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். வைத்துக்கொள்ளும் கார்டின் வரம்பை 30,000 ஆகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை மளிகைக்கு எடுத்துப் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நகையை வைத்துக் கார்டை அடைத்தவர்களில், காலியான வரம்பைக் கண்டு மறுபடி தேய்க்கத் தொடங்கி, ஓராண்டில் நகைக் கடன் ஒருபுறம், கார்டுக் கடன் மறுபுறம் என்று இரட்டைச் சுமையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் குறைவில்லை.

இனி, எந்தச் செலவைக் குறைப்பது என்ற உங்கள் முதல் கேள்வி. கணவர் ஸ்டேஷன் வாசலில் குடிக்கும் இரண்டு கட்டிங் சாயாவைப் பற்றி உங்களுக்குள் வாக்குவாதம் நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள். இந்தக் கடன் சாயாவில் வந்ததன்று. உங்கள் கணக்கின் பின்பக்கத்தில், ஆண்டுக்கு ஒருமுறை வருபவை என்று நீங்களே ஐந்து வரிகள் எழுதியிருக்கிறீர்கள்: ஜூனில் இரு குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் 42,000, ஊர்க் கோயிலின் சித்திரைக் கொடை விழாவுக்குப் போய்வர 38,000, கல்யாணம், சடங்கு வீடுகளில் மொய்யும் சீரும் 15,000, தீபாவளிக்கு 12,000, காப்பீட்டுப் பிரீமியம் 8,000. மொத்தம் 1,15,000. போனஸ் 55,000. எஞ்சிய 60,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: 5,000. பென்சிலால் எழுதியிருந்த அந்த 5,000 ரூபாய் இங்கேதான் போயிருக்கிறது. அது தொலைந்துபோகவில்லை, முதலில் கார்டில் செலவாகி, பிறகு துளித்துளியாக அந்தக் குழியை நிரப்பியிருக்கிறது. இடைப்பட்ட மாதங்களுக்கு நாலு வட்டியும் கட்டியிருக்கிறீர்கள்.

ஆக, உங்கள் வீட்டின் சிக்கல் செலவின் அளவில் இருப்பதைவிட அதன் தேதியில்தான் அதிகம் இருக்கிறது. கொடை சித்திரையில், பள்ளி ஜூன் நடுவில், போனஸ் ஐப்பசியில். ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்பதாயிரம் ரூபாய் வேண்டும். அதற்கான பணம் நான்கு மாதம் கழித்து வருகிறது. இந்த இடைவெளியைத்தான் கார்டு நிரப்பியது. வரிசையை மாற்றுங்கள். வரும் தீபாவளி போனஸில் பண்டிகைக்கான 12,000 போக, 43,000 ரூபாயை அன்றே ஒரு வைப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம். மாதம் 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி. என்னும் தொடர் வைப்பில் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள்; அது ஊர்ப் பயணத்துக்கும் மொய்க்கும் காப்பீட்டுக்கும். மாத முடிவில் மீந்ததைப் போடலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. பிஷிக்கு எந்த மாதமும் தவறாமல் 2,000 ரூபாய் கொடுத்து வந்திருக்கிறீர்களே, அந்த ஒழுங்கு உங்களுக்குப் புதிதன்று. பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு முன்னால் தவறக் கூடாது என்ற எண்ணம் அங்கே காவலாக நின்றது, ஆர்.டி.க்குத் தானியங்கிப் பிடித்தம்தான் காவல்.

ஊர்ப் பயணத்தைப் பற்றி வருத்தத்துடன்தான் சொல்கிறேன். 38,000 ரூபாயில் பெரும்பகுதி விமானச் சீட்டு என்று தெரிகிறது. ரயிலில் இடம் கிடைக்காமல் கடைசி வாரத்தில் திருவனந்தபுரத்துக்கு நான்கு சீட்டு வாங்கியிருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் தாதர்–திருநெல்வேலி வண்டிக்கும் நாகர்கோவில் வண்டிக்கும் எத்தனை போட்டி என்பது இங்குள்ள தமிழர் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாள் முன்புதான் திறக்கிறது. பழைய நினைவில் இருப்பவர்கள் தேதியைத் தவறவிடுகிறார்கள். கொடை நாள் குறித்ததும், அறுபது நாள் பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் வட்டமிடுங்கள். அத்துடன், இந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கொடைக்கு உங்கள் கணவர் மட்டும் போய் வரட்டும். அம்மாவையும் பார்த்தாற்போல் ஆகும், கோயில் வரியும் கொடுத்துவிடலாம். செலவு 14,000 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சமாகும் 24,000 ரூபாயை மாதக் கணக்கில் பார்த்தால் 2,000. ஆர்.டி.யை 3,000 ஆக்கி, இந்த 2,000 ரூபாயைக் கடனுக்குத் திருப்புங்கள். உங்கள் 13,000 ரூபாயை 15,000 ஆக்குவது இந்த ஒரே முடிவுதான். சாயா, சினிமா, குழந்தைகளின் பானிபூரி எதிலும் கை வைக்காமலேயே 28 மாதம் 24 மாதமாகிறது.

மளிகையை ரொக்கமாக, கிரானா கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் நாம் பட்டியலில் இல்லாததையும் எடுத்துப் போடுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அதில் ஏதாவது மிச்சமானால் நல்லது. என் கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை.

பிஷியில் உங்கள் முறை வரும்போது கிடைக்கும் 24,000 ரூபாயைக் கடனுக்குக் கட்டிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். அதை அவசரத்துக்கென்று தனியே வையுங்கள். மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்குத்தான் முதன்முதலில் கார்டைத் தேய்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று மறுபடி வந்தால் கை நீளும் இடம் கார்டாக இருக்கக் கூடாது. மாமியாருக்கு மாதம் அனுப்பும் 5,000 ரூபாயைக் குறைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். அடித்தது சரிதான்.

மூன்றாவது கார்டைப் பற்றிக் கணவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒளித்து வைத்துக்கொண்டு இந்தத் திட்டத்தை நடத்த முடியாது. நகைக் கடனின் தொகையைக் கேட்டதுமே கணக்கு இடிக்கும். 41,000 ரூபாயில் உங்களுக்கென்று வாங்கியது ஒரு தையல் இயந்திரம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவருடைய இரண்டு கார்டுகளின் தவணை இடித்த மாதங்களில் வாங்கிய மளிகை என்று உங்கள் பில்களே காட்டுகின்றன. அந்தப் பில்களை அச்செடுத்து, மளிகை வரிகளைப் பேனாவால் அடிக்கோடிட்டு, மற்ற இரண்டு கார்டுகளின் பில்களோடு சேர்த்து ஒரே அடுக்காக அவர் முன் வையுங்கள். அவர் லோக்கலில் நின்றபடியே வந்து இறங்கிய வார நாள் இரவில் வேண்டாம். ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தைகள் கீழே விளையாடப் போனதும் சொல்லுங்கள். கோபப்படுவார். 13,216 என்ற எண்ணை அவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும்.

வங்கிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. மற்றச் சனிக்கிழமைகளில் திறந்திருக்கும் என்பதால் அவர் விடுப்பு எடுக்கத் தேவையில்லை. காலையிலேயே போய்விட்டால் லாக்கரைத் திறப்பது, நகை மதிப்பீடு, கையெழுத்து எல்லாம் மதியத்துக்குள் முடிய வாய்ப்புண்டு. ஆதார், பான் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போட்ட நகைகளில் எதை உள்ளேயே வைப்பது, எதைக் கொடுப்பது என்பதை முந்தின நாள் இரவே முடிவு செய்துவிட்டுப் போங்கள்; கவுண்டர் முன் நின்றுகொண்டு முடிவு செய்வது கடினம்.